பெட்டி என் இடுப்பில் இருந்தது

ஜனக்புரி, டில்லி
19-2-1987

அன்பு மகள் மார்கரெட்டுக்கு அப்பா எழுதுதேன். நானும் உங்கம்மாவும் இருக்கோம், சுகம்னு எழுத இந்த வாட்டி கை வரலை. மஸ்கட்ல நீயாவது தேகசுகத்தோட இருக்கணும்னு ஆண்டவரைக் கேட்டுக்கிட்டே இருக்கோம். மாசிலாமணி மாமா போயிட்டான்னு தந்தி கிடைச்சிருக்கும். லீவு கிடைக்கலையேன்னு அழாதே, திங்கக்கிழமை அடக்கம் முடிஞ்சுது, பாக்டரி ஆளுங்க பாதிப்பேர் சர்ச்சுக்கு வந்துட்டாங்க. உங்கம்மா தன் தம்பி சட்டையை மடியில வச்சுக்கிட்டு, அந்த வயர்லெஸ் பெட்டி நாசமாப் போகன்னு சபிச்சுக்கிட்டே இருக்கா. நான் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்.

பெட்டி மேல தப்பு இல்லம்மா. இருபது வருஷமா மேல கேபின்ல இருந்து நான் கிரேன் ஓட்டுவேன், கீழ நின்னு மாமா கை காட்டுவான், ஏத்துறது இறக்குறது எல்லாம் அவன் கையைப் பாத்துத்தான். இப்ப வயர்லெஸ் வந்தாச்சு, பெல்ட்டுல பெட்டியை மாட்டிக்கிட்டு தரையில நின்னே பட்டனை அமுக்கினா போதும், கிரேன் ஓடும். அத்தான், வானத்துல இருந்து இறங்கி வந்தாச்சான்னு சனிக்கிழமை காலையில என்னைக் கேலி பண்ணினான், பாவிப்பய. ஹிந்திக்கார இஞ்சினியர் பெட்டி நம்பரும் கிரேன் நம்பரும் ஒண்ணுதானான்னு பாத்து, சுமை இல்லாம நாலு தடவை ஏத்தி இறக்கிக் காட்டினார். எல்லாம் அச்சான்னு சொல்லி, இரும்புத் தகட்டுக் கட்டு ஒண்ணைத் தூக்கினார், பாதியில நிறுத்தி, இனி நீ பண்ணுன்னு பெட்டியை என் இடுப்புல மாட்டிவிட்டார். மாமா கட்டுக்கு அந்தப் பக்கம் நின்னான், பெட்டி கைமாறினதை அவன் பாக்கலை. நான் மெல்ல இறக்க ஆரம்பிச்சேன், அவன் அடியில மரக்கட்டை வைக்கக் குனிஞ்சிருக்கான். திடீர்னு ருக்கோ, ருக்கோன்னு கத்தினான். நிறுத்துன்னு சொல்லுதான். இஞ்சினியர்தான் ஓட்டுதார்னு நினைச்சு ஹிந்தியில கத்தியிருக்கான். என் காதுல விழுந்தது அவன் குரல், அவன் என்கிட்ட ஒருநாளும் ஹிந்தி பேசினதில்லை, அந்தச் சத்தத்துல இறக்கு, இறக்குன்னுதான் எனக்குக் கேட்டுது. இறக்கிட்டேன். ஐயோ மகளே, நான் வேகமா இறக்கிட்டேன்.

நிறுத்துற சிவப்பு பட்டன் விரலுக்குப் பக்கத்துலதான் இருந்துது. மேனேஜர்கிட்ட போய் எல்லாத்தையும் சொன்னேன். சுப் ரஹோ, பேசாம இரு, மெஷின் கோளாறுன்னு எழுதியாச்சுன்னு வாயை அடைச்சுட்டார். உங்கம்மாகிட்ட சொல்லத்தான் எனக்கு நாக்கு எழும்பலை. அவளுக்கு இருந்த ஒரே கூடப்பிறப்பு. வேலை வாங்கித் தாரேன்னு டில்லிக்குக் கூட்டிட்டு வந்தவனும் நான்தான். எப்பவும் போல அவ ரெண்டு வரி எழுத அடியில இடம் விட்டிருக்கேன், நான் எழுதினதை வாசிக்காம அவ பேனாவைத் தொடமாட்டா. வாசிக்கட்டும். இதுக்கு மேல என்னால ஒளிச்சு வைக்க முடியாது.

நீ ராத்திரி டூட்டிக்குத் தனியாப் போகாதே, தலைவலி மாத்திரையைச் சும்மா சும்மா போடாதே. ஆண்டவர் உன்னைப் பத்திரமா வச்சிருக்கட்டும்.

உன் அப்பா,
எலியேசர்

மார்கரெட், அம்மா எழுதுதேன். வாசிச்சுட்டேன். இந்த மனுஷன் மூஞ்சியைப் பாக்க எனக்கு முடியலை. பேசவும் முடியலை. அஞ்சு நாளா ஒருவாய் சோறு இறங்கலை அவருக்கு. சாப்பிடச் சொல்லி நீ உடனே எழுது.