என்னை வெட்டிவிட்டு எழுதிய கதை

10.6.2013, திங்கள்

வெயில். வல்லக்கோட்டைப் பக்கம் ஒரே ஒரு மேகம், அதுவும் ஓடிவிட்டது. இந்த நோட்டின் மேல் ஆணை: இதில் எழுதப்போவதை ஈரேழு உலகிலும் ஒருவரும் நம்பப்போவதில்லை.

அண்ணன் மகள் செல்வியின் சிறுகதை பத்திரிகையில் வந்துவிட்டது. அதே பத்திரிகை என் கதையைத் திருப்பி அனுப்பி ஒரு வாரம்தான். என் வயிற்றெரிச்சலை வைத்து ஒரகடம் கம்பெனிகள் முழுக்க வெல்டிங் அடிக்கலாம்.

இரண்டும் ஒரே சம்பவம். போன வருஷம் எங்கள் காலனி ஏழுமலை, கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தான். மறுநாள் காலை ஸ்டாப்பில் வைத்து ஊர்த்தெருப் பையன்கள் அடித்தார்கள்.

என் கதை: நாற்பது பக்கம். நான் பாய்கிறேன். பதினெட்டுப் பேர் பறந்துபோய்ச் செம்பரம்பாக்கம் ஏரியில் விழுகிறார்கள்.

அவள் கதை: நான்கு பக்கம். ஒருவன் அடிபடுகிறான். ஷிப்டுக்கு நிற்கும் காலனி ஆட்கள், பெயர் தெரியாமலிருக்க, கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டையைச் சட்டைப்பைக்குள் தள்ளுகிறார்கள். பஸ் வருகிறது. ஏறுகிறார்கள். அவ்வளவுதான். இதெல்லாம் ஒரு கதையா?

12.6, புதன்

ஊறுகாய் வாங்க மறந்தேன். வீட்டில் அர்ச்சனை.

செல்வியிடம் கேட்டே விட்டேன். "சண்டையே இல்லியேம்மா?"

"அடிச்சவனத்தான் எல்லாரும் எழுதறாங்க சித்தப்பா. நான் நின்னுகினு இருந்தவங்கள எழுதினேன். அட்டைய உள்ள போட்டாங்கன்னு நீதான சொன்ன?"

சொன்னேன். அந்தக் கோழைகளைக் காறித் துப்பித்தான் சொன்னேன். என்னை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டாள். பொறாமையெல்லாம் இல்லை. அவள் பேனா ஒழுகி, ஒரு சுடிதாராவது பாழாக வேண்டும்.

16.6, ஞாயிறு

பத்திரிகையோடு ஏழுமலை வந்தான். அந்த அடிக்குப் பிறகு இடது காது மந்தம். சத்தமாகப் பேசுவான்.

"பாப்பா சூப்பரா எழுதிகீதுண்ணா. நீயும் நாப்பது பக்கம் எழுதினியாமே, குடு, படிக்கலாம்."

கரையான் தின்றுவிட்டது என்றேன்.

"நாப்பது பக்கத்தையுமா? நல்ல பசி அதுக்கு." சிரித்தான். பிறகு, "தலையில அடி, பாதி ஞாபகமில்ல எனக்கு. அன்னிக்கு நீ எந்த ஷிப்டுண்ணா?"

"செகண்ட் ஷிப்டுடா. காலைல வூட்ல தூங்கினு இருந்தேன்."

டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

பதினெட்டுப் பேர் பொய். பாய்ச்சல் பொய். நாற்பது பக்கத்தில் ஒரு சின்ன வரி மட்டும் உண்மை. அடிபடும்போது அவன் என்னைத்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.