நெடும்பாசேரிக்கு ஒரு மணி நேரம்

ஜூலை 10, வியாழன். வண்டிப்பெரியார்.

காலையிலிருந்து சாரல். நீலப் புடவை இரண்டு நாளாகக் காயவில்லை. சனிக்கிழமைக்கு அதுதான் வேண்டும்.

சேலத்திலிருந்து கதிரேசன் போன். கோவை ஆசிரியர் பயிற்சியில் பழக்கமானவர். மனைவியை இழந்தவர். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று போன மாதம் கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நேரில் கேட்க வருகிறாராம். விமானத்தில்!

"ஒரு மணி நேரந்தானுங்க டீச்சர். காலைல வந்து, உங்க ஊட்டுல ஒரு டீ குடிச்சுட்டு, சாயங்காலப் பிளேன்ல திரும்பிருவனுங்க."

கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையம் எங்கள் வாசலில் இருப்பதாக நினைப்பு. மலை இறங்கி அங்கே போகவே ஐந்து மணி நேரம். பூகோளம் நடத்துவது நான்; அவர் நடத்துவது சரித்திரம், மன்னிக்கலாம். "நானே ஏர்போர்ட்டுக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது நான்தானா?

அட்லஸில் ஸ்கேல் வைத்தேன். சேலம்–கொச்சி நேர்கோட்டில் 250 கி.மீ. பக்கம். குமுளி, தேனி, திண்டுக்கல் வழியாக பஸ்ஸில் சேலமே போய்விடலாம், விமானத்தை விடச் சீக்கிரம். அவரிடம் சொல்லவில்லை. என்னைப் பார்க்க ஒருவர் பறந்து வருவது இதுவே முதல் தடவை. கெடுப்பானேன்.

ஜூலை 11, வெள்ளி.

மழை வலுத்துவிட்டது. வகுப்பில் காற்றழுத்தம் நடத்தினேன். பாதியில் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதே மறந்து போனது.

எடுக்க வேண்டியவை: குடை, பிளாஸ்க், மாத்திரை, வளையல் (வேண்டாம்) (சரி, ஒன்று).

தங்கை செல்விக்கு ஒரே சிரிப்பு. "பறந்து வர்றவுக ஒரு மணி நேரத்துல வந்துருவாக. கூப்பிடப் போற நீதான்க்கா விடியுமுன்ன கெளம்பணும்."

புடவைக்கு இஸ்திரி போட்டே காய வைத்தாள். "ஏற்கெனவே ரெண்டு மாப்பிள்ளைய வேணாம்னுட்ட. இவுககிட்டயும் பிரியத்துக்கு ஆதாரம் கேட்டுக்கிட்டு நிக்காத."

ஜூலை 12, சனி. ரயிலில்.

நெடும்பாசேரியில் பேய்மழை. பலகையில் சேலம் விமானம்: கோயம்புத்தூருக்குத் திருப்பிவிடப்பட்டது.

தெரிந்ததுதானே என்று தோன்றியது. எனக்கு எப்போதும் இப்படித்தான். பிளாஸ்க்கோடு வாசல் வரை நடந்தேன். போன்.

"டீச்சர், போயிராதீங்க! கோயமுத்தூர்ல எறக்கி உட்டுட்டாங்க. சேலத்துக்கே திருப்பி அனுப்பறாங்களாமா. நான் ஏறலீங்க. உக்கடம் வந்துட்டேன், பாலக்காட்டு பஸ் நிக்குது..."

"ஏறுங்க, நானும் பாலக்காடு ஸ்டேஷனுக்கு வர்றேன்" என்றேன். கத்தியிருப்பேன் போல. பக்கத்து டாக்சிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அங்கமாலியில் ரயில். ஜன்னலோரம். திருச்சூர் தாண்டியாயிற்று.

அதே நாள், பாலக்காடு, ஜங்ஷன் ஸ்டேஷன்.

எனக்கு முன்பே வந்து நின்றார். செருப்பெல்லாம் சேறு. பையில் விமானத்துக்காரர்கள் கட்டிய கொச்சி சீட்டு இன்னும் தொங்குகிறது. பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தேன். ஆறிப்போயிருந்தது.

"ஊட்டு டீ" என்று முழுவதையும் குடித்தார். பிறகு தலை நிமிராமல், "ஏனுங்க டீச்சர், தூரம் ரொம்பங்களா?"

"அடுத்த மாசம் நான் சேலம் வர்றேன்."

"பிளேன்லயா?"

"பஸ்ல. அதுதான் சீக்கிரம்."

மூடியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "அப்ப... அதுதான் பதிலுங்களா?"

"ஆமா."

டீ வாங்க ஓடியிருக்கிறார், சூடாக. நான் பெஞ்சில். அவர் பை என் மடியில்.