திராட்சை ராஜாவின் கணுக்கால்

பிப்ரவரி 13, வெள்ளி

அன்பு மகள் ராலித்சாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், என் வலது கணுக்கால் எங்கள் இருவரையும்விட நலம். கனடாப் பனியில் நீயும் மாப்பிள்ளையும் வழுக்கி விழாமல் நடக்கிறீர்களா? நல்ல பூட்ஸாக வாங்கிக்கொள், விலை பார்க்காதே. நாளை புனித டிரிஃபோன் திருநாள், அம்மா கோழிக்குள் அரிசி அடைத்துக்கொண்டிருக்கிறாள். வழக்கம்போலத் திராட்சைக் கொடி வெட்டி, வேரில் ஒயின் ஊற்றி, திராட்சை ராஜாவைத் தோளில் தூக்கி வருவோம். இந்த வருஷ ராஜா உன் சித்தப்பா பென்சோ. அவன் பேரைச் சொன்னவனே நான்தான்! ஊரே என் பெரிய மனசைப் புகழ்கிறது, அம்மா மட்டும், "என்னங்க, என் தங்கச்சி புருஷன்மேல திடீர்னு இவ்வளவு பாசம்?" என்று ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் நான் ராஜாவானபோது என் இடது பக்கத்தைச் சுமந்தவன் அவன்தானே. ராஜாவுக்கான ஓட்டில் என்னிடம் தோற்ற வயிற்றெரிச்சலில், வாய்க்கால் மேடு வந்ததும் வேண்டுமென்றே தோளை உருவிக்கொண்டான். விழுந்த வேகத்தில் கணுக்கால் முறுக்கி எலும்பு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் காலை ஊன்றினால் உயிர் போனது. "எலும்புதான் கூடிடுச்சே, சகலைக்கு நடிப்பு நல்லா வருது" என்று மதுக்கடை முழுக்கச் சொல்லிச் சிரித்தான், பாவி. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். உன் கல்யாணத்தில் எல்லாரும் கைகோத்து ஆடும் ஹோரோ ஆட்டத்துக்குப் பெண்ணைப் பெற்றவன் நிற்க வேண்டிய முதல் இடத்தில் அவன் நின்று கைக்குட்டை சுழற்றினான், நான் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டினேன். அது ஆறவே இல்லை மகளே.

அப்புறம்தான் பிளோவ்டிவ் நகரத்து டாக்டரம்மா என்னை நிற்கவைத்து எக்ஸ்ரே படம் எடுத்தாள். "ஐயா, எலும்பைப் பார்த்தவங்க ஜவ்வைப் பார்க்கலை. காலு எலும்பு ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கிற ஜவ்வு கிழிஞ்சு கெடக்கு, அதான் கால் நிக்க மாட்டேங்குது" என்றாள். திருகாணி போட்டு இறுக்கிவிட்டாள். போன மாதம் போனபோது, "இனிமே மூட்டையே தூக்கலாம்" என்றாள். மூட்டை எதற்கு? நாளை ராஜாவைத் தூக்கும் நால்வரில் இடது தோள் என்னுடையது, வழி அதே வாய்க்கால் மேடு.

புனித டிரிஃபோன் உங்கள் இருவரையும் காப்பாராக, வீடு நிறையப் பிள்ளைகள் ஓடட்டும். ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே. இந்தக் கடிதம் வந்து சேரும்போது மாவுக்கட்டைப் பிரித்திருக்க மாட்டார்கள். சித்திக்கு போன் போட்டு, சித்தப்பா கால் எப்படி இருக்கிறது என்று கேள். எலும்போடு ஜவ்வையும் பார்க்கச் சொல், நான் பட்ட பாடு அவனுக்கு வேண்டாம்.

இரண்டு காலில் நிற்கும் உன் அப்பா,
வெல்கோ