மூலையில் ஒரு சின்னக் கட்டம்

மார்ச் 4
சின்னவள் போன் செய்தாள். திங்கட்கிழமையிலிருந்து மாலைச் செய்தியைச் சைகை மொழியில் சொல்லப்போகிறாளாம். திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நிற்பாளாம். அது இலவசச் சேனல். எங்கள் கேபிளில் வராது, ஆண்டெனா வேண்டும்.

அவரிடம் எப்படிச் சொல்வது? சைகை மொழிக்காக அவள் பேங்க் வேலையை விட்டபோது, "கையை ஆட்டினா சோறு வருமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சில்லை.

மார்ச் 5
டிவி கடைக்குப் போனேன். "உங்களுது பழைய டிவி, அக்கா. ஆண்டெனாவை நேரா சொருகினா வராது, நடுவுல ஒரு பாக்ஸ் வேணும்" என்றார் கடைக்காரர். டிஷ் வைத்தால்? "அந்த உள்ளூர்ச் செய்தி டிஷ்ல கிடைக்காது."

பாக்ஸும், ஜன்னலோரம் வைக்கும் தட்டை ஆண்டெனாவும் வாங்கினேன். மாடியில் வைப்பதுதான் நல்லதாம். என் முட்டி ஒத்துழைக்காது. அவரைக் கேட்க மனமில்லை.

வானிலை பார்க்க என்று அவரிடம் சொன்னேன். "அதுக்கு ஜன்னலைத் திறந்தாப் போதாதா?" என்றார்.

மார்ச் 8
படம் துண்டு துண்டாக உடைகிறது. எதிரே எழும்பும் ஐந்து மாடிக் கட்டடம் மறைக்கிறது போல. ஜன்னல், பீரோ மேல், கதவு மேல் என்று குட்டி போட்ட பூனையாக ஆண்டெனாவோடு அலைந்தேன். சின்னவள் ஒரு நொடி வந்தாள். தூக்கிய கை அப்படியே உறைந்து நின்றது. பிறகு கறுப்பு.

அழுதுவிட்டேன். என்ன பொழப்புடா இது — பெத்த பொண்ணைப் பார்க்க இவ்வளவு பாடா?

திரும்பினால் அவர் வாசற்படியில். "வானிலைக்கா அழறே?"

சொல்லிவிட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மார்ச் 10
மீன்முள் மாதிரி கம்பி கம்பியாக ஒரு பெரிய ஆண்டெனாவுடன் வந்தார். "ஜன்னல் சமாச்சாரம் இந்தத் தெருவுக்கு ஆகாது. எதிர்ல கட்டடம் இருக்குன்னு அக்கா சொல்லவே இல்லியேங்கறான் கடைக்காரன்."

மொட்டை மாடியில் குழாயில் கட்டித் திருப்பினார். நான் கீழே, டிவி முன்னால்.
"வருதா?"
"இல்ல!"
"இப்ப?"
"போயிடுச்சு!"
"வந்தாத்தானே போகும்? ஒழுங்காச் சொல்லு!"

கடைசியில் கண்ணாடி போல வந்தது.

மாலையில் நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செய்தி வாசிப்பவர் பக்கம் கண் போகவே இல்லை. முடிந்ததும், "இளைச்சிருக்கா" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 13
தினமும் பார்க்கிறார், சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு. ஏன் என்றேன்.

"சத்தம் இருந்தா அவ சொல்றது புரிய மாட்டேங்குது." பிறகு அவரே, "முடி நெத்தியில வந்து விழுது. அவ முகமும் சேர்ந்துதானே பேசுது. அது மறையலாமா?"

மார்ச் 16
இன்று சின்னவள் முடியை வாரிக் கிளிப் போட்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லையே!

செய்தி முடிந்ததும் போன் செய்து கேட்டேன்.

"மத்தியானம் அப்பா பேசினாரும்மா. ஆண்டெனாவுல ஆரம்பிச்சு முடியில வந்து நிறுத்தினாரு."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"நாளைக்கும் நீதானே வருவேன்னு கேட்டாரு."