எட்டு வீட்டுக் கூறு

குத்துக்கல்வலசை,
புரட்டாசி 18, 1981.

அன்புள்ள மகன் கோமதிநாயகத்துக்கு உன் அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், ஆலங்குளத்தில் உன் தங்கச்சி சண்முகசுந்தரியும் பச்சைப்பிள்ளையும் சுகம், பம்பாயில் நீயும் உன்னோடு தங்கியிருக்கும் மசூதும் அப்படியே இருக்கக் குற்றாலநாதரை வேண்டிக்கொள்கிறேன். உடம்புக்குக் குறையில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன், மனசைப் பற்றி எழுதவில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம். எப்போதும் நான் சொல்லச் சொல்ல உன் அப்பாதான் எழுதுவார். இதை நானே எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், சலித்துக்கொள்ளாமல் கடைசி வரை படி. மசூது பக்கத்தில் இருந்தால் இப்போதே மடித்துப் பையில் வைத்துவிட்டு அவன் வேலைக்குப் போன பிறகு எடுத்துப் படி. அவன் கண்ணில் இது பட வேண்டாம்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை இப்போது முகம் பார்த்துச் சிரிக்கிறது, மூக்கு அப்படியே உன் மூக்கு, மாமன் கொலுசு எப்போது வரும் என்று சண்முகசுந்தரியின் மாமியார் வாய்விட்டே கேட்டுவிட்டாள், மூச்சு விடவாவது நேரம் கொடுங்கள் மயினி என்று சிரித்து மழுப்பினேன். பம்புசெட்டு மோட்டார் எரிந்துபோய் உன் அப்பா தென்காசிக்கும் தோட்டத்துக்குமாக அலைந்தார், இப்போது ஓடுகிறது. சாரல் நின்று வெயில் சுள்ளென்று அடிக்கிறது. புடலைக்குப் புதுப் பந்தல் போட்டாயிற்று, சீனியவரை சடைசடையாகக் காய்த்திருக்கிறது. அங்கே ஹோட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்றெல்லாம் கேட்கத்தான் நினைக்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும். நாயகம், நீ எனக்குத் துரோகம் செய்துவிட்டாய். வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

போன வாரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சண்முகசுந்தரி வீட்டார் குற்றாலம் கோயிலுக்கு வந்தார்கள், என்னையும் வரச் சொன்னார்கள். சாமி கும்பிட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு லாட்ஜுக்குப் போனோம். பேர் எழுதவில்லை, உனக்கே தெரியும். பிள்ளையின் பால்சங்கு கழுவ வெந்நீர் வேண்டும் என்று நான் அடுப்படிக்குப் பின்பக்கம் போனேன். அங்கே விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு ஓலைக் கடவப்பெட்டி கவிழ்ந்து கிடந்தது, விளிம்பெல்லாம் பச்சைத் துணி வைத்துத் தைத்த பெட்டி. நம்மிடம் காய் வாங்குகிற மெஹர் பானு தன் மகளுக்குச் சட்டை தைத்த மிச்சத் துணியில் அந்த விளிம்பைத் தைத்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆடிக் கடைசியில் நான் ஆலங்குளத்திலிருந்து திரும்பி வந்ததும், தோட்டத்தில் வைத்துவிட்டுப் போன பெட்டி எங்கேயோ போச்சு அக்கா என்று அவள் சொன்னாள். இது ஏது என்று அங்கே சமைத்துக்கொண்டிருந்த சரக்கு மாஸ்டரிடம் கேட்டேன். அந்த மனுஷனுக்கு நான் யாரென்று தெரியாது. “அது குத்துக்கல்வலசைத் தோட்டத்துப் பையன் பெட்டி ஆச்சி. சீசன் பூரா அவன்தான் காய் போட்டான். அத்தனையும் பொறுக்கின காயி, ஒரு சொத்தை கெடையாது. எங்க அம்மை பொறுக்கிக் குடுத்து விட்டதும்பான்” என்று சந்தோஷமாகச் சொன்னார்.  நான் ஆனி ஆடி இரண்டு மாசமும் ஆலங்குளத்தில் உன் தங்கச்சிக்குப் பேறுகால மருந்து இடித்துக்கொண்டிருந்தேன், தோட்டத்தை நீ பார்த்துக்கொள்வாய் என்று நம்பி.

பெட்டியை நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சம்பந்தி வீட்டார் என்ன ஏது என்று கேட்டார்கள், நம் பெட்டிதான் மறந்து போய் இங்கே கிடக்கிறது என்றேன். 

நம் கிணற்றின் மேல்கரை இடிந்து விழுந்தது உனக்கு ஞாபகம் இல்லாமல் போகாது, நீ ஒன்பதாம் வகுப்புப் படித்தாய். செடியெல்லாம் பூவும் பிஞ்சுமாக நிற்கிறது, தண்ணீர் இல்லை, கையில் எதுவும் இல்லை. காய்க்காரி உலகம்மாள் கிணறு இடிந்துபோச்சு என்று என்னைப் பற்றிக் கேள்விப்பட்டு, நான் காய் கொடுத்து வந்த அந்த எட்டு வீடும்தான் வந்தது. மெஹர் பானு வீட்டுக்காரர் அப்துல் மஜீது கொத்தனாரைக் கூட்டி வந்தார், சாவித்ரி டீச்சர் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மண் சுமந்தாள், பீடி சுற்றுகிற முத்துவடிவு கைப்பிள்ளையை மரத்தடியில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டுக் கல் தூக்கினாள். அன்றைக்குச் சொன்னேன், இந்தத் தோட்டத்தில் பறிக்கிற முதல் காய் உங்களுக்குத்தான், அப்புறம் மிஞ்சினால்தான் பாவூர்சத்திரம் சந்தைக்கு என்று. அதற்குப் பிறகு கார்த்திகைக்குக் கார்த்திகை அவர்கள் விதைக்கும் உரத்துக்கும் முன்கூட்டியே தங்களால் ஆனதைக் கொடுப்பதும், செவ்வாய் வெள்ளி வந்து காய் எடுத்துப் போவதும் நடந்து வருகிறது. ஒரு வருஷம் பூச்சி விழுந்து பூசணிக்காயைத் தவிர ஒன்றும் இல்லை, ஒரு மாசம் அதையே முகம் சுளிக்காமல் வாங்கிப் போனார்கள். என் பிள்ளையெல்லாம் மஞ்சளாகிப் போச்சு அக்கா, கல்யாணத்துக்கு நலுங்கு வைக்க வேண்டாம் என்று முத்துவடிவு கேலிதான் பண்ணினாளே தவிர யாரும் பங்கை விடவில்லை. அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு நாம் போகிறோம், நம் வீட்டுக்கு அவர்கள் வருகிறார்கள். நீ அந்த எட்டு வீட்டு அடுப்பிலும் சாப்பிட்டு வளர்ந்த பயல்.

வீட்டுக்கு வந்து பெட்டியை உன் அப்பா முன்னால் வைத்தேன். பார்த்ததும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் தெரியும். விடியுமுன் நல்ல காயெல்லாம் பொறுக்கிக் குற்றாலத்துக்கு அனுப்பிவிட்டு, சொத்தையும் முற்றலும் கோணலும்தான் எட்டுக் கூறாக வைத்தாயாம். கூறு வைக்கும்போது ஒருவர் முதுகு காட்டி நின்று, இது யாருக்கு இது யாருக்கு என்று பேர் சொல்வது நம் வழக்கம், யாருக்கும் ஓரவஞ்சனை இருக்கக் கூடாது என்பதற்காக. அதையும் விடாமல் செய்தாயாமே, சொத்தைக் கத்தரிக்காய்க்கு. முத்துவடிவைத் திரும்பி நிற்கச் சொன்னாயாமே, அவளும் நின்று பேர் சொன்னாளாமே. ஏலே, அப்போது உனக்குக் கை கூசவில்லையா? யாரோ கேட்டதற்கு, அம்மை இவ்வளவுதான் கொடுக்கச் சொன்னாள் என்று சொன்னாயாம். எனக்கு இதுதான் ஆறவில்லை. நீ திருடியிருந்தால்கூட உன் பேரில் திருடியிருக்கலாம். உன் அப்பா சொல்கிறார், ரெண்டு மாசம்தானே, ஊருக்குப் போகிற பிள்ளை கையில் நாலு காசு வேண்டாமா, என்னிடம் சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்றுதான் சொல்லவில்லை என்று. நல்ல நியாயம். அப்பனும் மகனுமாகச் சேர்ந்து என் வருத்தத்தைப் பார்த்துக்கொண்டீர்கள். அன்றிலிருந்து அவரிடம் நான் பேசவில்லை, சோறு மட்டும் வைக்கிறேன்.

நீ கேட்டிருக்கலாமே அய்யா. பம்பாய் போகிறேன், சட்டை துணி எடுக்க வேண்டும், இந்தச் சீசனுக்கு மட்டும் காயை லாட்ஜுக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று அந்த எட்டுப் பேரையும் நிறுத்திக் கேட்டிருந்தால் யார் மாட்டேன் என்றிருப்பார்கள்? முதல் ஆளாக மெஹர் பானுவே எடுத்துக்கோ என்றிருப்பாள். உனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள் தம்பி மசூதுதான், படுக்க இடம் கொடுத்ததும் அவன்தான். கேட்டால் கிடைக்கிறதை ஏன் ஒளித்து எடுத்தாய் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், எனக்குப் பிடிபடவில்லை.

நீ புறப்பட்ட அன்று தென்காசி ஸ்டேஷனில் எல்லாரும் நின்றதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு எரிகிறது. முத்துவடிவு முறுக்கு, டீச்சர் எலுமிச்சை ஊறுகாய், மெஹர் பானு அந்தப் போர்வை, எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே வாங்கினாய். நானோ நீ எடுத்துக் கொடுத்த ரோஸ் நிறச் சின்னாளப்பட்டியைக் கட்டிக்கொண்டு, என் மகன் வேலைக்குப் போகுமுன்னாலேயே எனக்குச் சேலை எடுத்துவிட்டான் என்று ஒவ்வொருத்தியிடமும் முந்தானையை விரித்துக் காட்டினேன். நல்லா இருக்கு நல்லா இருக்கு என்று தொட்டுப் பார்த்தார்கள். அவர்கள் மனசில் என்ன ஓடியிருக்கும்? இரண்டு மாசம் அவர்களுக்குச் சொத்தையைக் கொடுத்துவிட்டு இவள் புதுச்சேலை கட்டிக்கொண்டு நிற்கிறாள் என்றுதானே. அந்தச் சேலையை இனி நான் கட்ட மாட்டேன்.

மறுநாள் காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு மெஹர் பானு வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவள் பெட்டியை வாங்கித் தூசி தட்டினாள், எங்கே கிடைத்தது என்று கேட்கவே இல்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, காய் குற்றாலத்துக்குப் போனது எட்டு வீட்டுக்கும் ஆனி மாசமே தெரிந்திருக்கிறது. “சீசன்ல நாலு காசு பாக்கணும்னு யாருக்குத்தான் இருக்காது அக்கா. ஒங்களுக்குப் பேறுகாலச் செலவு வேற. நாங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிடல” என்றாள். நான் செய்யாத தப்பை மன்னித்துவிட்டாள் நாயகம். நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் அவள், மசூது எழுதியிருக்கிறான், நாயகம் நல்லா சாப்பிடுதானாம், கவலைப்படாதிய என்று சொல்லிவிட்டாள்.  சொன்னால் அவள் தம்பிக்கு எழுதத்தானே செய்வாள், எழுதினால் உன் படுக்கை என்னாகும், வேலை என்னாகும் என்று அந்த நேரத்தில் என் பாழும் மனசு கணக்குப் போட்டது. டீத்தண்ணி கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன்.

நேற்று சாவித்ரி டீச்சர் வந்தாள். வீட்டில் இரண்டே பேர்தானே, இந்தக் கார்த்திகைக்கு எங்களுக்குப் பங்கு வேண்டாம், கடையில் பார்த்துக்கொள்கிறோம் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். ஒரு வீடு போனால் அடுத்த வீடு போக எவ்வளவு நேரம்? எட்டு வீடும் கை விட்டால் இந்தத் தோட்டம் சந்தைக்காரன் சொன்ன விலைக்குத்தான் வாழ வேண்டும், உன் அப்பா வயசுக்கு அது நடக்காது. ஆனால் நான் பயப்படுவது அதற்கு மட்டும் இல்லை. இத்தனை வருஷம் நான் இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தது என் சொல் ஒன்றுக்காகத்தான், அதைத்தான் நீ விற்றுவிட்டாய். டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு, திருக்கார்த்திகை வரைக்கும் பொறுங்கள், அதற்குள் உங்கள் எல்லாரிடமும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். சரி என்று போயிருக்கிறாள்.

அந்தச் சொல்ல வேண்டியதை நீதான் வந்து சொல்ல வேண்டும். புது வேலை, லீவு கிடைக்காது என்று எழுதாதே, கேட்டுப் பார். வந்து எட்டு வீட்டுக்கும் போ, செய்தது நான், அம்மாவுக்குத் தெரியாது என்று உன் வாயால் சொல். திட்டுவார்கள், வாங்கிக்கொள். மசூதுக்கு நீயே முதலில் சொல்லிவிடுவது நல்லது, அவன் அக்கா எழுதித் தெரிவதைவிட. திருக்கார்த்திகைக்குள் நீ வராவிட்டால் நானே போய்ச் சொல்வேன், உன் பேரைச் சொல்லித்தான் சொல்வேன். பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதே. பெற்ற பாவத்துக்கு அதுவரைக்கும் இந்தப் பழியை என் தலையில் வைத்திருக்கிறேன், அதற்கு மேல் என்னால் முடியாது.

குளிர் வருகிறது, போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கு. மசூது சமைக்கிற அன்று நீ பாத்திரமாவது கழுவிக் கொடு. உனக்கு ஒரு கெடுதலும் வராமல், கை கால் சுகத்தோடு, நாலு பேர் முகம் பார்த்துப் பேசுகிற மனுஷனாக நீ இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டு இந்தத் திருநீற்றை மடித்து வைத்திருக்கிறேன், பூசிக்கொள். கோபத்தில் இருக்கிறேன் என்பதற்காக இதைச் சும்மா ஒப்புக்கு எழுதவில்லை, மனசாரத்தான் எழுதுகிறேன். பதிலை உன் அப்பா பேருக்குப் போடாதே, என் பேருக்கே போடு. வருவதாக இருந்தால் என்றைக்கு என்று எழுது. வரவில்லை என்றாலும் மறைக்காமல் எழுதிவிடு. எட்டு வீட்டுப் படியும் ஏறி இறங்க எனக்கு ஒரு நாள் முழுதாக வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
உலகம்மாள்