நான் தூக்கிய கொடி

மார்ச் 6, வியாழன்

ஆலையில் இரண்டாம் வரிசை இன்று மூன்று முறை நின்றது. மூடி போடும் இயந்திரத்தில் உடைந்த பாட்டில் துண்டு மாட்டிக்கொண்டது. இருபத்தோரு வருடமாக அந்த இயந்திரத்துக்கு இடது பக்கத்தைக் காட்டியே நிற்கிறேன். காதடைப்பான் கொடுக்கத்தான் செய்கிறார்கள். போட்டுக்கொண்டால் பாட்டில் உடைகிற சத்தம் கேட்காமல் போய்விடும் என்று வரிசையில் நிற்கிற எவனும் போடுவதில்லை. வேலை சுத்தமாக நடக்கிறது. காதுதான் போகிறது.

மாலையில் மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன் ஆவதற்கு முன்பே அவர் எனக்குக் கால்பந்து மைதானத்து ஆள். பதினெட்டு வருடமாக அவர் நடுவர், நான் கோட்டோரம் கொடி பிடிக்கிற துணை நடுவர். ஞாயிற்றுக்கிழமை கோப்பை இறுதி ஆட்டம். அவருக்கு அதுவே கடைசி. ஐம்பது வயது தாண்டியவரைக் கால்பந்துச் சங்கம் களத்தில் இறங்க விடாது. அதற்குப் பிறகு புது நடுவர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பை அவருக்கே கொடுக்கப்போகிறார்கள். மனுஷன் இப்போதே விதிப்புத்தகத்துக்கு அட்டை போட்டு வைத்திருக்கிறார். முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி இருக்கிறாயே அண்ணா என்று இவள் கேலி செய்தாள். அவரும் சிரித்தார். மைதானத்தில் அவருக்குக் ‘கறார்’ என்று பெயர். வேலை பார்க்கிற எடைமேடையிலும் அதே பெயர்தான். லாரி எடையில் ஒரு கிலோ கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி இவள் இரண்டு முறை கத்தினாளாம். இரண்டாவதுதான் எனக்குக் கேட்டது.

மார்ச் 9, ஞாயிறு

எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

தபால் அணியும் பேருந்துப் பணிமனை அணியும் மோதின. பணிமனை ஒரு கோல் முன்னால் இருந்தது. தொண்ணூறு நிமிடம் முடிந்து, கூடுதலாகக் கொடுத்த நேரமும் முடியப்போகிற சமயம். தபால் அணியில் ஒருவன் நடுக்களத்திலிருந்து பந்தை உயரத் தூக்கி அடித்தான். அவர்களுடைய முன்வரிசைக்காரன், நெட்டை என்று கூப்பிடுவார்கள், ஓடிப்போய் அதை எடுத்து ஒரே தட்டில் வலைக்குள் போட்டான். நான் கொடியைத் தூக்கினேன். மச்சான் என் பக்கம் திரும்பினார். பார்த்தார். பிறகு விசில் ஊதினார். ஆஃப்சைடு, கோல் இல்லை. அடுத்த நிமிடம் ஆட்டம் முடிந்தது.

கொடி பிடிக்கிறவனால் இரண்டு இடத்தைப் பார்க்க முடியாது. கண் கடைசித் தடுப்பாளர் நிற்கிற வரிசையில் இருக்க வேண்டும். பந்தை உதைக்கிறவன் இடது பக்கம் முப்பது நாற்பது மீட்டர் தள்ளி இருப்பான். அவனைக் காதால்தான் பிடிக்க வேண்டும். ‘தும்’ என்று உதை கேட்கிற நொடியில் முன்வரிசைக்காரன் தடுப்பாளரைத் தாண்டி நின்றால் தப்பு. கேட்ட பிறகு தாண்டினால் தப்பில்லை. அவ்வளவுதான் என் வேலை.

எனக்கு அந்த ‘தும்’ கேட்கவில்லை.

தடுப்பாளர்கள் தலையைத் திருப்பியதைப் பார்த்துத்தான் பந்து கிளம்பிவிட்டது என்றே தெரிந்தது. அதற்குள் நெட்டை இரண்டு எட்டு தாண்டியிருந்தான். எப்போது தாண்டினான்? உதைக்கு முன்பா, பின்பா? தெரியாவிட்டால் கொடியைக் கீழேயே வைத்திரு என்பதுதான் விதி. ஆனால் கை தானாக எழும்பிவிட்டது. எனக்குக் கேட்கவில்லை என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதென்று இரண்டு வருடமாகப் பழகிய கை அது.

தபால் அணி மொத்தமும் மச்சானைச் சூழ்ந்துகொண்டது. என்னிடம் ஒருவரும் வரவில்லை.

மார்ச் 10, திங்கள்

சாப்பாட்டு இடைவேளையில் நாலு பேர் கைப்பேசியைச் சுற்றி நின்றார்கள். யாரோ மேலிருந்து எடுத்த படம். உதைக்கிற நொடியில் நிறுத்தி நிறுத்திக் காட்டினார்கள். நெட்டை கடைசித் தடுப்பாளருக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறான். ஒரு முழு எட்டு இந்தப் பக்கம்.

பணிமனைக்காரர்கள் நடுவரை நன்றாகக் ‘கவனித்துவிட்டார்கள்’ என்று பேசிக்கொண்டார்கள். கொடியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஊதியவர்தானே கண்ணுக்குத் தெரிகிறார். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடலாம் என்று பார்த்தால் எனக்கு இருப்பதே ஒரு காது. அது எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டது.

மார்ச் 11, செவ்வாய்

மச்சானுக்குப் போன் செய்ய எடுத்தேன். வைத்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

சங்கத்திலிருந்து விசாரணைக் கடிதம் வந்தது. பதிவுத் தபால். கொண்டு வந்தவன் நெட்டை. எங்கள் தெருவுக்கு அவன்தான் தபால்காரன், எட்டு வருடமாக.

கையெழுத்துப் போடச் சொல்லி அட்டையை நீட்டினான். போட்டேன். போவான் என்று பார்த்தேன். போகவில்லை. சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, “சார், சண்டைக்கு வரலை. நீங்க மட்டும் சொல்லுங்க. நான் இந்தப் பக்கம்தானே இருந்தேன்?” என்றான்.

கொடி தூக்கினது தூக்கினதுதான் என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான். அடுத்த வீட்டுக் கடிதத்தைக் குனிந்து கதவிடுக்கில் போடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன மனுஷன்டா நீ?

மார்ச் 15, சனி

இன்று இவள் கேட்டேவிட்டாள். “உங்க காது விஷயம் அண்ணனுக்குத் தெரியுமா?”

என்ன விஷயம் என்று எரிந்து விழுந்தேன். அவள் இடது பக்கமாக வந்து நின்று, சன்னக் குரலில் ஏதோ சொன்னாள். பிறகு வலது பக்கம் வந்து, “இப்ப என்ன சொன்னேன்னு சொல்லுங்க பாப்போம்” என்றாள்.

உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஜனவரியில் ஆலையில் நடந்த மருத்துவச் சோதனையையும் சொன்னேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே நர்ஸின் தோள் அசைவது கண்ணாடியில் தெரிந்தது. தோள் அசைந்தபோதெல்லாம் அழுத்தினேன். இரண்டு காதும் பழுதில்லை என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அதையேதான் சங்கத்திலும் கொடுத்தேன். அன்றைக்கு என் சாமர்த்தியத்தை நினைத்து வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

இவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “அண்ணன் பேரு கெட்டுட்டிருக்கு. நீங்க போய்ச் சொல்லிடுங்க” என்றாள்.

மார்ச் 17, திங்கள்

எடைமேடைக்குப் போனேன். மச்சானின் அறையில் ஒரு நாற்காலிதான் உண்டு, நான் நின்றேன். சரக்கேற்றிய லாரி ஒன்று மேடையில் நின்றது. எடையை எழுதிச் சீட்டை நீட்டினார். ஓட்டுநர் நான்கு வருடமாக வருகிற ஆள். சீட்டை வாங்காமல், எதற்கும் இன்னொரு தடவை ஏற்றிப் பார்த்துவிடலாமா அண்ணே என்றான். மரியாதையாகத்தான் கேட்டான்.

மச்சான் லாரியை இறக்கி மறுபடி ஏற்றச் சொன்னார். அதே எடை. ஓட்டுநர் சீட்டை வாங்கிக்கொண்டு போனான். மச்சான் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் கையிலேயே இருந்தது.

இடது காது கேட்காது மச்சான் என்றேன். அன்றைக்கு உதை கேட்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கொடியைத் தூக்கிவிட்டேன் என்றேன்.

“தெரியும்” என்றார்.

போன வருடமே தெரியுமாம். என் இடது பக்கம் நின்று இரண்டு தடவை கூப்பிட்டாராம். நான் திரும்பவில்லையாம். நானே சொல்வேன் என்று காத்திருந்தாராம்.

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். “அது கோல்தான் மாப்ளே. உதைச்சப்போ அவன் இந்தப் பக்கம் இருந்தான். நான் பார்த்தேன். உன் கொடியை இறக்கச் சொல்லிக் கை காட்டியிருக்கணும். காட்டினா, அத்தனை பேர் முன்னாடி, ஏன் தூக்கினான், எதுக்குத் தூக்கினான்னு உன்னை நோண்டுவாங்க. எனக்கு இது கடைசி ஆட்டம். உனக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கு. அந்த ஒரு நொடியில அவ்வளவும் தோணிச்சு. ஊதிட்டேன்.”

வேற எவனா இருந்தாலும் சரி— இவரா? எனக்காகவா? ஒரு கிலோ கூட்டாத மனுஷன்.

சங்கத்தில் என் காதைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கொடியை நம்பினதாக மட்டும் சொன்னால் போதும் என்று கெஞ்சினேன். அடுத்த லாரி வந்துவிட்டது. அவர் வெளியே எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் முன்னால் வரச் சொல்லிக் கை காட்டினார்.

மார்ச் 20, வியாழன்

ஒருவேளை தப்பித்துவிடுவார். தப்பித்துவிட வேண்டும்.

மார்ச் 22, சனி

விசாரணை முடிந்தது.

சங்க அலுவலகம் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்கு மேலே இருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். சுவரோரம் தபால் அணிக்காரர்கள், நெட்டையும் இருந்தான். படத்தைப் போட்டுக் காட்டினார்கள். என்னை முதலில் கேட்டார்கள். எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னதும் நெஞ்சில் இருந்த கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. சங்கத் தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். அப்படியானால் நடுவர் மேல் தப்பில்லை, கொடியை நம்பினார், வேறென்ன செய்வார் என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் ஆமாம் என்றார்கள்.

அவ்வளவுதான். அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. மச்சான் எழுந்தார்.

“நான் கொடியை நம்பலை. அவன் இந்தப் பக்கம் நின்னதை என் கண்ணால பார்த்தேன். கோல்னு தெரிஞ்சேதான் இல்லைன்னு ஊதினேன்.”

அறையில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு மட்டும் கேட்கவில்லையோ என்று கூட நினைத்தேன். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று தலைவர் கேட்டார். அதைச் சொல்வதற்கில்லை என்றார் மச்சான். மறுபடி கேட்டார்கள். மறுபடி அதே பதில்.

நான் எழுந்து கத்தினேன். எனக்காகத்தான்யா செஞ்சாரு, என் காது போனது வெளிய தெரியக் கூடாதுன்னு செஞ்சாரு. அவர்களில் ஒருவர் என் கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்தார். ஜனவரி மாதச் சான்றிதழ். இரண்டு காதும் பழுதில்லை. “மச்சானைக் காப்பாத்த மாப்பிள்ளை செவிடாயிட்டாராக்கும். யார் காதுல சார் பூ சுத்துறீங்க?” என்றார். சுவரோரம் சிலர் சிரித்தார்கள். நெட்டை சிரிக்கவில்லை.

இப்போதே சோதித்துப் பாருங்கள் என்றேன். அதற்கெல்லாம் தேவையில்லை, நடுவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்றார்கள். வாங்கித் தின்றவன் காரணம் சொல்வானா என்று ஒருவர் முணுமுணுத்ததை மட்டும் என் நல்ல காது துல்லியமாகப் பிடித்தது.

அவருக்கு ஆயுள் தடை. பயிற்சிப் பொறுப்பு கிடையாது. பழைய ஆட்டக் குறிப்புகளிலிருந்துகூடப் பெயரை எடுத்துவிடுவார்களாம். எனக்கு ஓர் எச்சரிக்கை. அடுத்த மாதமே கொடி பிடிக்கலாமாம். கொடியை அந்த மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

படியில் இறங்கும்போது ஏன் மச்சான் என்று கேட்டேன். “ஒரு தடவை பொய்யா ஊதிட்டேன். ரெண்டாவது தடவை முடியலை” என்றார். வண்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னேன். நடந்தே போகிறேன் என்று போய்விட்டார்.

மார்ச் 23, ஞாயிறு

வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறு காலைச் சாப்பாடு அவருக்கு இங்கேதான். இவள் மூன்று தட்டு வைத்து, பதினொரு மணிவரை பார்த்துவிட்டு, ஒன்றை எடுத்து உள்ளே வைத்தாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்றும் இல்லை.

ஏப்ரல் 12, சனி

மச்சான் எடைமேடையை விட்டுவிட்டார். அவரே கேட்டுக் கிடங்குக்கு மாறிக்கொண்டாராம். காலையில் பூட்டைத் திறந்து மாலையில் மூடுகிற வேலை. அவர் சொல்லை யாரும் நம்ப வேண்டிய அவசியம் இல்லாத வேலை.

போய்ப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். ஆலையைப் பற்றிக் கேட்டார், தங்கையைப் பற்றிக் கேட்டார். கோபமே இல்லை. கோபப்படுங்க மச்சான், ரெண்டு அறை விடுங்க— வாய் வரைக்கும் வந்ததை மென்று விழுங்கிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

ஆலையில் உண்மையைச் சொல்லி, சோதனையும் முறையாகச் செய்துகொண்டேன். இடது காது முக்கால்வாசி போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளைச் சங்கத்துக்கு அனுப்பியிருந்தேன். முடிந்துபோன விஷயம், மறுபடி எடுப்பதற்கில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. நெட்டைதான் கொண்டு வந்தான். உறையைக் கையில் கொடுத்துவிட்டு, “சார் எப்படி இருக்காரு?” என்று மச்சானைக் கேட்டான். நன்றாக இருக்கிறார் என்றேன்.

இன்று மாலை காதுக்குக் கருவி பொருத்திக்கொண்டேன். கடையை விட்டு வெளியே வந்ததும் தெருவே என்மேல் விழுந்த மாதிரி இருந்தது. வழி முழுக்க என் செருப்புச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. நான் உள்ளே வந்தது இவளுக்குத் தெரியவில்லை. சமையலறையில் போன் பேசிக்கொண்டிருந்தாள். முதுகுதான் எனக்குத் தெரிந்தது. வழக்கமாக அவள் அங்கே பேசுவது கூடத்தில் இருக்கிற எனக்கு ஒரு முணுமுணுப்பாகக்கூட வராது. இன்று ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“கருவி இன்னிக்கே கிடைச்சிருக்காது. அவர் வந்தாலும் அவருக்குக் கேக்காதுண்ணா. நீ பேசு” என்றாள். போனைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு, “அழாதேண்ணா. தினமும் இப்படி அழுதா எப்படி? அவருக்குத் தெரியவே தெரியாது. நான் சொல்லலை. சொல்லவும் மாட்டேன்” என்றாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சத்தம் வராமல் வாசலுக்குப் போய் நின்றேன். கால் மணி நேரம் நின்றிருப்பேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கருவி கிடைத்ததா, நன்றாகக் கேட்கிறதா என்று கேட்டாள்.

வாங்கிவிட்டேன், இன்னும் போட்டுப் பார்க்கவில்லை என்று சொன்னேன்.