மூன்று சிவப்பு, ஒரு நீலம்

மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு,

கோழி கிளறிய குப்பை போல இருக்கும் என் கையெழுத்தை முதலில் பொறுத்துக்கொள். எழுபது வயதில் எழுதப் பழகி ஐந்து மாதம்தான் ஆகிறது. வரிகள் எல்லாம் மாடிப்படி ஏறுகின்றன. இந்தத் தாளுக்கு இரண்டு காலைப்பொழுது பிடித்தது. ஆனாலும் ஒரு சொல்கூட இரவல் இல்லை.

உன் கடிதத்தை நானே படித்தேன். மருந்து அட்டையையும் பஸ் பலகையையும் வாசித்துப் பெருமை அடித்துக்கொண்டிருந்தவனுக்கு வந்த முதல் கடிதம். ‘மாமா’ என்று எழுத்துக் கூட்டியதும் மேலே போக முடியவில்லை. எழுதப் படிக்கப் போகும் முதியோர் வகுப்பில் எல்லோரிடமும் உறையைக் காட்டினேன். பக்கத்தில் உட்காரும் தையற்காரர், “என்னய்யா, இந்த வயசுல காதல் கடிதாசியா?” என்றார். “போய்யா, என் தங்கச்சி மக எழுதியிருக்கா” என்றேன். அந்தச் சொல் என் வாயில் வந்து முப்பது வருஷம் ஆகிறது.

நீயும் கண்ணாடிக் கடையில் உன்னோடு வேலை பார்க்கும் பெண்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் பதிவு அலுவலகத்தில் பழைய காகிதம் புரட்டி, அவரவர் வம்சப் படம் வரைகிறீர்களாமே. சினிமாவுக்குப் போகிற வயதில் நல்ல பொழுதுபோக்கு!

உன் அம்மாவின் பிறப்புப் பதிவிலும், நீ நகல் அனுப்பிய, நான் கைநாட்டு வைத்த காகிதத்திலும் ஒரே தாய் தகப்பன். ஆனால் என் காகிதத்தில் ‘எனக்கு உடன்பிறந்தோர் எவரும் இல்லை’ என்று இருக்கிறது, எது சரி என்று கேட்டிருந்தாய். பிறப்புப் பதிவுதான் சரி. மற்றது, எங்கள் அம்மா இறந்த பிறகு வீட்டையும் சலவைக்கடையையும் என் பேருக்கு மாற்ற எழுதியது. எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. வைக்கச் சொன்ன இடத்தில் விரலை வைத்தேன்.

உன் அம்மா சௌக்கியமா?

சலவைக்கடை மாமா

மார்ச் 12

அன்புள்ள மாமா,

உங்கள் வரிகள் மாடிப்படி ஏறினால் என்ன, பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டன.

எங்கள் கூட்டத்தில் ஒரு விதி உண்டு. இரண்டு காகிதம் இல்லாமல் எந்தப் பெட்டியிலும் பேர் எழுத மாட்டோம். என் படத்தில் தாய்மாமா பெட்டி காலியாக இருக்கிறது. உங்களுக்கு ஒரு காகிதம் சாதகம், ஒன்று பாதகம். அம்மா உங்கள் தங்கை என்று உங்கள் கையால் எழுதித் தருவீர்களா?

அம்மாவிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்து வந்து, வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். படித்துவிட்டு, “படிக்கத் தெரியாதுன்னுதான் அன்னிக்கும் சொன்னாரு. எழுதினவன் வாசிச்சுக் காட்டினானா இல்லையா? அதை மட்டும் கேளு” என்றார்.

கேட்டுவிட்டேன் மாமா. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மருமகள்

மார்ச் 24

அன்புள்ள மருமகளுக்கு,

நான்கு தாள் கிழித்தாயிற்று. இது ஐந்தாவது.

வாசித்துக் காட்டினார். இரண்டு தடவை. பத்திர எழுத்தர் நல்ல மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “கூடப் பிறந்தவங்க யாரும் இல்லைன்னு போட்டிருக்கு. சரிதானே?” என்று கேட்டார். “சரிங்க” என்றேன். மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

அம்மா மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தாள். நான் ஒருவனே தூக்கி, துடைத்து, ஊட்டினேன். தங்கை கடைசி வாரம்தான் வந்தாள். அந்தக் கோபம். அவள் அப்போது எந்த நிலையில் இருந்தாள் என்று நான் கேட்கவே இல்லை. பிறகு அவள் கடைக்கு வந்து, “தெரிஞ்சா வெச்சே அண்ணே?” என்றாள். “எனக்கென்ன எழுத்தா தெரியும்?” என்றேன். முப்பது வருஷம் அந்த ஒரு பதிலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இப்போது நீ அனுப்பிய நகலை நானே வாசித்துவிட்டேன். இனி எங்கே போய் உட்காருவது?

உன் அம்மா என் தங்கை என்று நீ கேட்டபடி எழுதிய தாளை இத்துடன் தனியாக வைத்திருக்கிறேன்.

மாமா

ஏப்ரல் 4

அன்புள்ள மாமா,

கடிதம், தாள் இரண்டையும் அம்மா சமையலறையில் நின்றபடியே படித்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “எங்க அண்ணன் இவ்வளவு உண்மை பேச மாட்டாரு. யாரோ நல்ல மனுஷன் எழுதிக் குடுத்திருக்கான். அவரு எழுத்து எனக்குத் தெரியும். அது நூல்ல இருக்கும்.”

எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்குமோ?

மருமகள்

ஏப்ரல் 13

அன்புள்ள மருமகளுக்கு,

விளங்கியது. சலவைக்கு வரும் துணி எந்த வீட்டுடையது என்று எழுதி வைக்க எனக்குத் தெரியாது. அதனால் வீட்டுக்கு ஒரு நூல் அடையாளம், துணி ஓரத்தில் தைத்துவிடுவேன். இருநூறு வீடு, இருநூறு அடையாளம், ஒன்றுகூட மாறியதில்லை. உன் அம்மாவுக்கு மூன்று சிவப்புத் தையல், ஒரு நீலம். யாராவது கடையை விட்டு ஒரேயடியாகப் போனால், கடைசித் துணியில் அடையாளத்தைப் பிரித்துத்தான் கொடுப்பேன். அன்று அவள் கேட்டுவிட்டுத் திரும்பியபோது, அவளுடைய போர்வையிலும் நூலைப் பிரித்துக் கொடுத்தேன். அவள் கண் முன்னாலேயே.

இத்துடன் ஒரு புதுக் கைக்குட்டை வைத்திருக்கிறேன். ஊசியில் நூல் கோத்தது மட்டும் தையற்காரர். மூன்று சிவப்பும் ஒரு நீலமும் தைத்தது நான். அவளிடம் கொடு.

மாமா

ஏப்ரல் 25

அன்புள்ள மாமா,

கொடுத்தேன். அம்மா அதைத் தன் அறைக்கு எடுத்துப் போனார். மறுநாள் துவைத்துத் தேய்த்து, நான்காக மடித்து, “திருப்பி அனுப்பிடு” என்றார். அனுப்பியிருக்கிறேன். உங்களிடம் நான் என்ன சொல்வது?

பெட்டியை என்ன செய்யட்டும் மாமா? என்னிடம் இப்போது இரண்டு காகிதம் இருக்கிறது.

மருமகள்

மே 5

அன்புள்ள மருமகளுக்கு,

பிரித்துப் பார்த்தேன். நூல் இல்லை. ஊசி போன துளைகள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. நான் செய்ததைத்தான் அவளும் செய்திருக்கிறாள். எனக்கு வருத்தப்பட உரிமை இல்லை. ஆனாலும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஒன்று கவனித்தேன். கத்தரிக்கோல் பட்ட தடம் இல்லை. நான் அன்று வெடுக்கென்று அறுத்தேன். அவள் ஒவ்வொரு தையலாக ஊசி முனையால் தூக்கி எடுத்திருக்கிறாள். அறுபது வயதுக் கண்ணுக்கு அது சின்ன வேலை இல்லை. அவ்வளவு நேரமும் அந்தத் துணி அவள் மடியில் இருந்திருக்கும்.

பெட்டி காலியாகவே இருக்கட்டும். அவள் வாயால் ‘எழுது’ என்று சொல்லாமல் என் பேரை அதில் எழுதாதே. உங்கள் விதியில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் முதல் அவளுக்கே எழுதப்போகிறேன், வாரம் ஒன்று. பதில் வேண்டாம். உறையைப் பிரிக்காவிட்டாலும் மேலே விலாசம் கண்ணில் படுமே. முதல் வாரம் கோணலாக இருக்கும், ஆடியில் கொஞ்சம் நேராகும், வருஷக் கடைசியில் வரி படி ஏறாது. எழுதிக் கொடுக்கிறவன் கையெழுத்து முதல் நாளே அழகாக இருக்கும். வாரா வாரம் திருந்துகிற கையெழுத்து வேறு யாருடையதாக இருக்க முடியும்?

புதன்கிழமை தபாலைக் கொஞ்சம் பார்த்துக்கொள்.

மாமா